முதுமையில் உடல் நிமிர்வும் சமநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டியவர்களும் வீட்டில் பெரியவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. தள்ளாட்டம் தனியொரு நோயல்ல. பாதம், உள்காது, கண், தசை, ரத்த அழுத்தம், மாத்திரை எனப் பல இடங்களிலிருந்து கிளம்பி, வெளியே ஒரே அறிகுறியாகத் தெரிகிறது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அதில் கணிசமான பகுதியைத் திருத்த முடியும். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுவதால்தான் பலர் தேவையில்லாமல் விழுகிறார்கள்.

அசையாமல் நிற்பதற்கு உடல் என்ன செய்கிறது?

முழுக்க அசையாமல் யாரும் நிற்பதில்லை. உடல் எடையின் மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்கூட்டின் உள்ளே இருக்கிறது. அங்கிருந்து நேர்கீழாகக் கோடு இழுத்தால் அது கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழும். அதனால் உடல் எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கிறது. கெண்டைக்கால் தசை அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த இழுபறியில் உடல் மெல்ல ஆடுகிறது. பாதத்தைத் தூக்காமல் முன்னால் சுமார் 8 பாகையும் பின்னால் சுமார் 4 பாகையும்தான் சாய முடியும். அதைத் தாண்டினால் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் எதையாவது பிடிக்க வேண்டும். பின்பக்கம் இடம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான், நாற்காலியிலிருந்து எழும்போதும் கனமான கதவைத் தன் பக்கம் இழுக்கும்போதும் பலர் மல்லாந்து விழுகிறார்கள்.

உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்பவை மூன்று: பாதத்தின் தோல், மூட்டுகள், தசைகள் சேர்ந்து தரும் உணர்வு; உள்காதின் சமநிலை உறுப்பு; கண். வெளிச்சத்தில், உறுதியான தரையில் நிற்கும் ஆரோக்கியமான ஒருவர் ஏறக்குறைய 70 சதவீதம் பாத உணர்வையும் 20 சதவீதம் உள்காதையும் 10 சதவீதம் கண்ணையும் நம்பி நிற்கிறார். மணலில் கால் வைத்தாலோ விளக்கு அணைந்தாலோ இந்தப் பங்கு உடனே மாற வேண்டும். வயது கூடக் கூட இந்த மாற்றம் மந்தமாகிறது. வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்ததும் ஒரு கணம் தடுமாறுவது அதனால்தான்.

வயதாகும்போது இவற்றில் எவை தேய்கின்றன?

எல்லாமே தேய்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. ஆளுக்கு ஆள் வரிசையும் மாறும்.

பாத உணர்வில் முதலில் கட்டைவிரலின் அதிர்வுணர்வு மங்குகிறது. மருத்துவர் அதிர்வுக் கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து "அதிர்கிறதா?" என்று கேட்பது இதைத் தெரிந்துகொள்ளத்தான். நீரிழிவும் பி12 வைட்டமின் குறைவும் நீண்டகால மதுப்பழக்கமும் இந்தத் தேய்வை வேகப்படுத்தும். இவற்றில் பி12 குறைவை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம், சிகிச்சையும் எளிது. அதைத் தவறவிடக் கூடாது.

உள்காதின் அரைவட்டக் குழாய்களில் தலை திரும்புவதை உணரும் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. எழுபதைத் தாண்டும்போது இவற்றில் 40 சதவீதம் வரை அழிந்திருக்கக்கூடும். இரண்டு காதிலும் மெதுவாக, சமமாக நடப்பதால் தலைசுற்றல் எதுவும் தெரிவதில்லை. இருட்டிலும் மேடுபள்ளத்திலும் கால் நிலைகொள்ளாமல் போகும், அவ்வளவுதான். பலர் இதைக் கால் பலவீனம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கண்ணைப் பொறுத்தவரை, எழுத்துப் பலகையை நன்றாக வாசிப்பவருக்கும்கூட நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனும் ஆழம் அளக்கும் திறனும் குறைந்திருக்கலாம். ஒரே நிறத்தில் இருக்கும் படிகளில் எது விளிம்பு என்று தெரியாமல் கால் வைப்பது இதனால்தான்.

தசையில் நடப்பதுதான் மிகப் பெரிய மாற்றம். ஐம்பதுக்குப் பிறகு தசையின் அளவு ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் குறைகிறது. வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. அதிலும் சட்டென்று சுருங்கும் வேக நார்கள்தான் அதிகம் மெலிகின்றன. பாரத்தை மெதுவாகத் தூக்கும் வலு ஓரளவு மிஞ்சியிருக்கும். அரை நொடிக்குள் காலை வீசி ஊன்றும் விசை போய்விட்டிருக்கும். தடுக்கி விழாமல் காப்பது அந்த விசைதான்.

தடுக்கினால் இளையவர் சமாளித்துவிடுகிறார், முதியவர் விழுந்துவிடுகிறார். இடையில் என்ன நடக்கிறது?

சமாளிப்பதற்கு உடலிடம் மூன்று உத்திகள் உண்டு. சிறிய ஆட்டத்தைக் கணுக்கால் மட்டுமே சரிசெய்துவிடும். ஆட்டம் பெரிதானால் இடுப்பை மடக்கி உடல் தன்னை மீட்டுக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் ஓர் அடி எடுத்து வைக்கும். முதுமையில் கணுக்கால் தசை தாமதமாக வேலையைத் தொடங்குகிறது. காலின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால் மூட்டு விறைத்துப்போகிறது. எடுத்து வைக்கும் அடியும் சின்னதாக இருப்பதால், ஒரே அடியில் முடிய வேண்டியது மூன்று நான்கு அடிகளாக நீள்கிறது. பக்கவாட்டில் தள்ளாடும்போது நிலைமை இன்னும் மோசம்: நகர வேண்டிய கால் ஊன்றிய காலிலேயே இடித்துக்கொள்ளும். இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் விழுவதால் வருபவை. அதனால், பயிற்சி என்றால் முன்னோக்கி நடப்பது மட்டுமே என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 227 விழுகைச் சம்பவங்களைக் கேமராப் பதிவில் பார்த்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2013இல் வெளியாயின. வழுக்கி விழுந்தது 3 சதவீதம்தான். தடுக்கி விழுந்தது 21 சதவீதம். 41 சதவீதச் சம்பவங்களுக்குக் காரணம், உடலின் பாரத்தைச் சரியாக மாற்றாததுதான்: திரும்பும்போது, உட்காரும்போது, எட்டி எடுக்கும்போது பாரம் பாதத்துக்கு வெளியே போய்விடுகிறது. தரையை மட்டும் சீர்செய்து பயனில்லை. பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் பழக்கத்தையே மீட்டெடுக்க வேண்டும்.

முதுகு ஏன் கூனுகிறது?

மேல்முதுகில் இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. இளவயதில் அது 20 முதல் 40 பாகை வரை இருக்கும். நாற்பதுக்குப் பிறகு இது கூடிக்கொண்டே போகும், பெண்களுக்கு இன்னும் வேகமாக. எலும்பு மெலிந்து முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவம் ஆவது ஒரு காரணம். ஆனால் கூன் உள்ள எல்லோருக்கும் எலும்பு முறிந்திருப்பதில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் முன்பக்கம் தேய்வது, முதுகை நிமிர்த்தும் தசைகள் தளர்வது, மார்புத் தசை இறுகுவது ஆகியவையும் போதும். தசையால் வந்த கூனைப் பயிற்சியால் குறைக்கலாம். எலும்பு நசுங்கி வந்ததை அப்படி நிமிர்த்த முடியாது. ஆனால் அடுத்த எலும்பு நசுங்காமல் தடுக்க மருந்துகள் இருக்கின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரில் படும்படி நின்று, முகவாயைத் தூக்காமல் பின்தலையைச் சுவரில் தொட முயலுங்கள். தொட முடியாமல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். முள்ளெலும்பு முறிவுகளில் பல, வலியே இல்லாமல் வந்துபோகின்றன.

கூன் விழுந்தால் சமநிலையும் கெடுமா?

கெடும். தலையும் தோளும் முன்னுக்கு வரும்போது எடையின் மையமும் பாதத்தின் முன்விளிம்பை நோக்கி நகர்கிறது. விழாமல் இருக்க உடல் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறது. மடங்கிய முழங்காலோடு நிற்க முன்தொடைத் தசை ஓயாமல் உழைக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் களைப்பு வருகிறது. களைத்த கால் தரையை உரசி நடக்கிறது. பார்வையும் தரையை நோக்கித் தாழ்ந்துவிடும். நிமிர்ந்து பார்க்கக் கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டும், அதனால் கழுத்துவலி.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். கடிகாரம், நாற்காலி, அளவுநாடா, பக்கத்தில் பிடிக்கத் தயாராக ஒருவர், இவ்வளவு போதும்.

முதல் சோதனை நாற்காலியில். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12க்குக் குறைவாகவும் பெண்களுக்கு 11க்குக் குறைவாகவும் வந்தால் கால்வலு போதவில்லை. 75 முதல் 79 வயதில் இந்த எல்லை முறையே 11, 10. கையை ஊன்றித்தான் எழ முடிகிறதென்றால் மதிப்பெண் பூஜ்யம்.

இரண்டாவது, நான்கு நிலைகளில் நிற்பது. ஒவ்வொன்றும் 10 நொடி. பாதங்களைச் சேர்த்து நிற்பது. ஒரு பாதத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளி, அதன் உள்வளைவு மற்றதன் கட்டைவிரலைத் தொடும்படி நிற்பது. ஒரு குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொட நேர்கோட்டில் நிற்பது. ஒற்றைக் காலில் நிற்பது. மூன்றாம் நிலையில் 10 நொடி தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடியிருக்கிறது. ஒற்றைக் காலில் 5 நொடிகூட நிற்க முடியாதவர் விழுந்தால் காயப்படும் வாய்ப்பும் அதிகம்.

மூன்றாவது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காருவது. 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். நேரத்தோடு விதத்தையும் பாருங்கள்: திரும்பும்போது எத்தனை சிற்றடிகள் வைக்கிறார், கை வீசுகிறாரா, உட்காரும்போது நாற்காலியில் பொத்தென்று விழுகிறாரா. இவை நொடிக்கணக்கைவிட அதிகம் சொல்லும்.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். அதுவும் சமநிலைக் கோளாறுதானா?

"சுற்றுகிறது" என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எப்போது வருகிறது என்று கேட்டால் பிரித்துவிடலாம்.

படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதின் சுண்ணத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். முதியவர்களிடம் இது மிகச் சாதாரணம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைத்து, பயிற்சி பெற்ற மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சில நிமிடங்களில் துகள்களை வெளியேற்றிவிடுவார். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகும். இதற்காக மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுவது வீண். அந்த மாத்திரையே தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும்.

எழுந்து நின்றதும் கண் இருண்டு வந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்ற 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அளவெடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, எழுமுன் பாதத்தை மேலும் கீழுமாக 15 முறை ஆட்டி, கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகே நில்லுங்கள். உட்கார்ந்து மட்டும் அளவெடுத்தால் இந்த இறக்கம் தெரியாது.

உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லாமல், நடக்கும்போது மட்டும் "நிலை இல்லை" என்றால் பாத உணர்வு, உள்காதின் பொதுவான தேய்வு, கால்வலு ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

மாத்திரைகளால் தள்ளாட்டம் வருமா?

நிச்சயமாக. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மனச்சோர்வு மருந்து, மனநோய் மருந்து, வலுவான வலிநிவாரணி, சிறுநீர் பிரியவைக்கும் மருந்து, ரத்த அழுத்த மருந்து, சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் தரும் மாத்திரை ஆகியவை இந்தப் பட்டியலில் முன்னால் நிற்பவை. எண்ணிக்கையும் முக்கியம், நான்குக்கு மேல் போனால் மொத்தமாக மறுபரிசீலனை செய்யச் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பேச்சுக் கொடுத்தால் நடப்பதை நிறுத்திவிடுகிறார். இது எதைக் காட்டுகிறது?

நடை அவருக்குத் தானாக நடக்கும் வேலையாக இல்லாமல், கவனம் கொடுத்துச் செய்யும் வேலையாகிவிட்டது என்பதை. பாதத்திலிருந்து வரும் செய்தி மங்கியதை மூளை கவனத்தால் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சு அந்தக் கவனத்தைப் பிடுங்கிக்கொண்டால் நின்றுதான் பதில் சொல்ல முடியும். இப்படி நின்று பேசுபவர்கள் அடுத்த சில மாதங்களில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இலேயே கவனித்திருக்கிறார்கள். படியில் இறங்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் இதையே பயிற்சியாக்கலாம்: சுவரோரமாக நடந்துகொண்டே 50லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்லுங்கள்.

தினமும் நடைப்பயிற்சி போகிறேன். அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. விழாமல் இருக்க அது மட்டும் போதாது. சமதரையில் நேராக நடக்கும்போது சமநிலை அமைப்புக்குச் சவால் எதுவும் இல்லை. ஏற்கெனவே பலமுறை விழுந்தவர் வேகநடையில் இறங்கினால், தடுக்கும் வாய்ப்புதான் கூடும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2019இல் வெளியானது. அது 108 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு, தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைத்தது. சமநிலைப் பயிற்சியோடு வலுப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 சதவீதம். மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சியில் 19 சதவீதம்.

அப்படியானால் எந்தப் பயிற்சிகளை, எவ்வளவு செய்ய வேண்டும்?

வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரத்தை இலக்காக வையுங்கள். வலுப் பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று முறை. சமநிலைப் பயிற்சியைத் தினமும் செய்யலாம். இடம் முக்கியம்: சமையல் மேடை போல அசையாத, இடுப்பு உயரப் பிடிமானம் வேண்டும். இல்லாவிட்டால் அறையின் மூலையில் சுவருக்கு முதுகு காட்டி நின்று, முன்னால் நாற்காலியின் முதுகுப்பக்கம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கல் இருக்கும்.

வலுவுக்கு நான்கு போதும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, இரண்டு சுற்று. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்நுனிக்கு மேல் வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு எழ வேண்டும். நேராக எழப் பார்ப்பவர்தான் பின்னால் விழுவார். உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். எழும்போது வேகமாக எழுங்கள், அந்த வேகம்தான் மெலிந்த வேக நார்களை எழுப்பும். அடுத்தது குதிகாலைத் தூக்கி நிற்பது 10 முறை, இரண்டு சுற்று. பிறகு குதிகாலில் நின்று பாதத்தின் முன்பகுதியைத் தூக்குவது அதே கணக்கில். நடக்கும்போது விரல்நுனி தரையில் உரசாமல் காப்பது இந்தத் தசை. நான்காவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. எளிதானதும் கணுக்காலில் அரைக் கிலோ எடைப் பட்டையைக் கட்டி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

சமநிலைக்கு, குதிகாலும் விரல்நுனியும் தொட நேர்கோட்டில் நிற்பது 10 நொடியில் தொடங்கி 30 நொடி வரை. ஒற்றைக் காலில் நிற்பதும் அப்படியே. அதே நேர்கோட்டு நடை 10 அடி, பக்கவாட்டு நடை இரு பக்கமும் 10 அடி, பின்னோக்கி 10 அடி, எட்டு வடிவில் இரண்டு சுற்று. பக்கவாட்டு நடையை யாரும் விட்டுவிடக் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். பயிற்சியின்போது கணுக்கால் நடுங்கி, கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் பயிற்சி எளிதாகிவிட்டது, பயனில்லை. ஒவ்வொரு முறையும் பிடிமானத்தை இறுகப் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். இரண்டு கை, ஒரு கை, ஒற்றை விரல், கை இல்லாமல் என்று படிப்படியாகப் பிடிப்பைக் குறையுங்கள். அதன்பின் தலையை இடமும் வலமும் திருப்பியபடி செய்யுங்கள். கடைசியாக, ஆள் பக்கத்தில் இருக்க, கண்ணை மூடி நிற்கலாம். மார்புவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே விழுந்தவரும், மூட்டு மாற்று அறுவை செய்தவரும் முதல் சில வாரங்களைப் பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் தொடங்க வேண்டும்.

கூனுக்கென்று தனிப் பயிற்சி உண்டா?

உண்டு. சுவரோடு நின்று முகவாயை உள்ளிழுத்து, பின்தலையைச் சுவரை நோக்கி 5 நொடி அழுத்துவது, 10 முறை. தோள்பட்டை எலும்புகளை ஒன்றையொன்று நோக்கி இழுத்துப் பிடிப்பது, 10 முறை. வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுத்து, மார்பைத் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் மட்டும் தூக்குவது, 5 முறையில் தொடங்கலாம். எலும்பு மெலிவு உள்ளவர்கள் குனிந்து கால்விரல்நுனியைத் தொடுவது, மல்லாந்து படுத்து உடலை மடக்கி எழுவது, குனிந்தபடி முறுக்கித் தூக்குவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்குவது இந்த அசைவுகளில்தான்.

கண்ணாடியும் காலணியும் எப்படி இருக்க வேண்டும்?

தூரத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்துப் போடும் பைஃபோகல், பலநோக்குக் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி வாசிக்கும் தூரத்துக்கானது. படியிறங்கக் கீழே பார்த்தால் அந்தப் பகுதி வழியாகத்தான் பார்க்கிறீர்கள். படி மங்கலாகத் தெரியும். அடிக்கடி வெளியே நடமாடுபவர்கள் நடைக்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காலணியில் அடிப்பாகம் மெல்லியதாக, கெட்டியாக, வழுக்காததாக இருக்கட்டும். மெத்தென்ற தடித்த அடிப்பாகம் சுகமாக இருக்கும், ஆனால் பாதத்துக்கு வரவேண்டிய செய்தியை அது மறைத்துவிடும். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் விளிம்பும் இறுக்கிக் கட்டும் பட்டையும் வேண்டும். குதிகால் உயரம் 2.5 சென்டிமீட்டருக்குள். பின்பக்கம் திறந்த செருப்பும், வழவழப்பான தரையில் வெறும் காலுறையும் வேண்டாம்.

வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

கட்டிலிலிருந்து கழிவறை வரையிலான வழியை. இரவு முழுக்க எரியும் சிறு விளக்கு, தரையில் மின்கம்பியோ விரிப்போ இல்லாத பாதை, கழிவறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் திருகி இறுக்கிய கைப்பிடி. துணி மாட்டும் கம்பி பாரம் தாங்காது. படியின் இருபக்கமும் கைப்பிடியும், ஒவ்வொரு படி விளிம்பிலும் மாறுபட்ட நிறப் பட்டையும் வேண்டும். அடிக்கடி எடுக்கும் பொருளெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? உயரம் எவ்வளவு?

பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். பெரும்பாலானவர்கள் வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கிறார்கள்; அப்படிப் பிடித்தால் உடல் அந்தக் கால் பக்கமே சாய்ந்து, பாரம் குறையாமல் போகிறது. காலணியோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் தடியின் பிடி இருக்க வேண்டும். பிடித்தபின் முழங்கை 20 முதல் 30 பாகை மடங்கியிருக்கும். தடியும் பலவீனமான காலும் ஒன்றாக முன்னே போகும், நல்ல கால் பின்தொடரும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள்.

ஒருமுறை விழுந்ததிலிருந்து வெளியே வரவே பயப்படுகிறார். வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிடவும் வேண்டாம். பயத்தில் உடல் விறைக்கிறது, அடி குறுகுகிறது, பார்வை காலடியிலேயே நிலைக்கிறது; மூன்றுமே விழும் வாய்ப்பைக் கூட்டும். நடமாட்டம் குறையக் குறையத் தசையும் கரையும். நல்ல உடல்நலமுள்ள முதியவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்தபோது கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அவர் துணிந்து செய்யக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: வாசல்வரை, பிறகு தெருமுனைவரை, கூடவே நாற்காலிப் பயிற்சி. விழுந்தால் எழுவது எப்படி என்று கற்றுக்கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

விழுந்துவிட்டால் எப்படி எழுவது?

உடனே எழக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே இருந்து, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பிலோ தொடையிடுக்கிலோ கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசையாமல் ஆள் கூப்பிடுங்கள். அப்படி இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, கைகளும் முழங்கால்களும் தரையில் படும் நிலைக்கு வாருங்கள். உறுதியான நாற்காலிவரை தவழ்ந்து போய் இரு கைகளையும் அதன் இருக்கையில் வையுங்கள். வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கைகளால் அழுத்தி எழுந்து, மெல்லத் திரும்பி உட்காருங்கள். சில நிமிடம் கழித்தே நில்லுங்கள். நலமாக இருக்கும்போதே, துணையோடு, இதை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

எழவே முடியவில்லையென்றால் போர்த்திக்கொண்டு, கைகால்களை அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தனியாக வசிப்பவர் கைபேசியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது இதற்காகத்தான். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளையைச் சுற்றிய கசிவு சில நாள், சில வாரம் கழித்தும் வெளிப்படும். புதிய தலைவலி, குழப்பம், தூக்கக் கலக்கம் வந்தால் காத்திருக்காதீர்கள்.

டி வைட்டமின் சாப்பிட்டால் விழாமல் இருக்கலாமா?

குறைபாடு உள்ளவருக்கு அதைச் சரிசெய்வது அவசியம். குறைபாடு இல்லாதவர் சாப்பிடுவதால் விழுவது குறையாது. ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வில் விழுவது கூடியது. புரதம் வேறு கதை: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம், மூன்று வேளைக்கும் பகிர்ந்து. சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

எந்த அறிகுறிகளை வயது என்று விடக் கூடாது?

திடீரென வந்த தள்ளாட்டத்தோடு பேச்சுக் குளறல், முகம் கோணுதல், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி, இரட்டையாகத் தெரிதல் ஏதாவது இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நடை, சிறுநீர் அடக்க முடியாமை, ஞாபகக் குறைவு மூன்றும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், அறுவையால் திருந்தக்கூடியது. கால் தடுமாற்றத்தோடு சட்டைப் பொத்தான் போடவும் விரல்கள் தடுமாறினால் கழுத்தில் தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கை வீசாத, காலை இழுத்து நடக்கும் நடை, நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஓராண்டில் இரண்டு முறை விழுந்தாலோ, ஒருமுறை விழுந்து அடிபட்டாலோ, காரணம் தெரியாமல் நினைவு தப்பி விழுந்தாலோ முழுப் பரிசோதனை தேவை.

பயிற்சியின் பலன் எத்தனை நாளில் தெரியும்?

ஆறு முதல் எட்டு வாரத்தில் நாற்காலியிலிருந்து எழுவது இலகுவாகும். சமநிலை மெதுவாகத்தான் வரும். மூன்று மாதமாவது கொடுங்கள். எண்பதைத் தாண்டியவர்களுக்கும், தொண்ணூறைத் தொட்டவர்களுக்கும்கூட வலு கூடுகிறது. நிறுத்திவிட்டால் பெற்றது சில மாதங்களில் கரைந்துவிடும். 30 நொடி நாற்காலிக் கணக்கை மாதம் ஒருமுறை எழுதி வைத்து வாருங்கள். எண்ணிக்கை இரண்டு மூன்று திடீரெனக் குறைந்தால், விழுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.